சித்திரைக்கு முதல் நாள் வரும் கல்



சில நாள்களுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் வந்தது. செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். கடிதத்தின் சாரத்தை மட்டும் சொல்கிறோம்.

“என் மகளுக்குப் பத்து வயது. கைப்பேசியில் யாரோ அனுப்பிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டாள். 2029ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் பெரிய கல் ஒன்று வானத்திலிருந்து வந்து விழும், உலகம் அழிந்துபோகும் என்று அதில் சொல்கிறார்கள். அன்று முதல் இரவில் என் முந்தானையை விடமாட்டேன் என்கிறாள். ‘அப்போது எனக்குப் பதின்மூன்று வயதுதானே ஆகும், அதோடு எல்லாம் முடிந்துவிடுமா அம்மா?’ என்று கேட்கிறாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. லயத்துக்கு வந்த ஒருவர், வாசற்படியில் கட்டினால் கல் அண்டாது என்று சொல்லிச் செப்புத் தகடு விற்கிறார். ஒன்று 50 வெள்ளி. வாங்கலாமா, வேண்டாமா?”

தகட்டைப் பற்றிய கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். வாங்க வேண்டாம். 50 வெள்ளிக்கு அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கலாம்.

ஆனால் பிள்ளையின் கேள்விக்கு, ‘ஒன்றுமில்லை, பேசாமல் தூங்கு’ என்று சொன்னால் போதாது. ஏனென்றால் ஒரு கல் வருவது உண்மை. அது வரும் நாளும் உண்மை. 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. அந்த இரவு அமாவாசை இரவு. விடிந்தால் சித்திரை முதல் நாள், நம் புத்தாண்டு. மேல்நாட்டாருக்குப் பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் ஆகாது. நம்மில் சிலருக்கு அமாவாசை ஆகாது. வதந்தி கட்டிவிடுகிறவர்களுக்கு இதைவிட வசதியான நாள் கிடைக்குமா? ஆகவே இப்போதே உட்கார்ந்து, அந்தக் கல் எது, எங்கே சுற்றுகிறது, விழாது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

அந்தக் கல்லுக்கு அப்போபிஸ் என்று பெயர். பழைய எகிப்து நாட்டுக் கதையில் வரும் இருட்டுப் பாம்பின் பெயர் அது. சூரிய தேவனை விழுங்குவதற்காக இரவுதோறும் துரத்துகிற பாம்பு. நம் ராகு கேது கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இப்படி ஒரு பயங்கரப் பெயரை வைத்திருக்க வேண்டாம் என்பது நமது எண்ணம். கல்லைக் கண்டுபிடித்தவர்களில் இருவர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இரசிகர்களாம். அந்தத் தொடரின் வில்லனுக்கும் இதே பெயர்தான். அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

சூரியனைச் சுற்றிப் பூமி, செவ்வாய், வியாழன் முதலிய கோள்கள் ஓடுவதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றோடு லட்சக்கணக்கான பாறைத் துண்டுகளும் சுற்றுகின்றன. இவற்றைச் சிறுகோள்கள் என்கிறோம். வீடு கட்டி முடித்த பிறகு கொல்லையில் உடைகல் கிடக்குமே, அதுபோலக் கோள்கள் உருவானபோது மிஞ்சியவை இவை. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் கிடக்கின்றன. சில மட்டும் இடம் மாறிப் பூமியின் பாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அப்படிப்பட்ட ஒன்றுதான் அப்போபிஸ்.

அளவு என்ன? சராசரியாக எடுத்தால் 340 மீட்டர் குறுக்களவு. நிலக்கடலையைப் போல இரண்டு பக்கமும் பருத்து நடுவில் சற்றுச் சிறுத்த வடிவம் என்று ரேடார் காட்டுகிறது. நீளவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய 450 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். கோபுரத்தைப் படுக்கப் போட்டு, அதே நீளத்துக்கு ஒரு பாறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பெரிய கல்தான். வான நூலாருக்குச் சின்னக் கல்.

இந்தக் கல் போகும் வழியைப் பார்ப்போம். பூமி சூரியனை ஒரு முறை சுற்றி வர 365 நாளும் கால் நாளும் ஆகும். அப்போபிஸ் ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 324 நாள் எடுத்துக்கொள்கிறது. பூமியின் பாதை கிட்டத்தட்ட வட்டம். அப்போபிஸின் பாதை சற்று நீண்ட வட்டம், முட்டை வடிவம் என்று சொல்லலாம். சூரியனுக்கு அருகில் போகும்போது சுமார் 11 கோடி கிலோமீட்டர் தூரத்துக்குப் போகிறது. வெள்ளிக் கோளின் பாதையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னே திரும்பிவிடுகிறது. விலகிப் போகும்போது 16 கோடிக் கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பூமி இருப்பது 15 கோடிக் கிலோமீட்டர் அளவில். எனவே ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் பாதையை உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை, இரண்டு முறை தாண்டுகிறது.

‘இரண்டு முறை தாண்டுகிறதா? அப்படியானால் எப்போதோ மோதியிருக்க வேண்டுமே!’ என்று கேட்கலாம். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும் தோட்டத்துச் சாலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழக்குலை ஏற்றிய லோரி நாள்தோறும் அந்த இடத்தைத் தாண்டுகிறது. இரயிலும் நாள்தோறும் தாண்டுகிறது. இரண்டும் ஒரே நிமிடத்தில் அங்கே வந்தால்தான் விபத்து. லோரி ஐந்து நிமிடம் முன்னே போய்விட்டால், பாதைகள் ஆயிரம் முறை குறுக்கிட்டாலும் ஒன்றும் ஆகாது. இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. அப்போபிஸின் பாதை பூமியின் பாதையோடு ஒரே மட்டத்தில் இல்லை. மூன்று பாகை அளவு சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான இடங்களில் சாலை மேம்பாலத்தின் மேலும், இரயில் அதன் அடியிலும் போவது போல விலகித்தான் போகின்றன. இரண்டும் ஒரே மட்டத்தில் நெருங்கும் இடம் ஒன்று இருக்கிறது. பூமி அந்த இடத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 13ஆம் நாளையொட்டி வந்து சேர்கிறது.

இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அப்போபிஸைப் பற்றி முன்பு பேசப்பட்ட ஆபத்து நாள்களைப் பாருங்கள். 2029 ஏப்ரல் 13, 2036 ஏப்ரல் 13, 2068 ஏப்ரல் 12. ஏன் எப்போதும் சித்திரைப் பிறப்பையொட்டியே வருகிறது என்று சிலர் இதில் சூட்சுமம் தேடுகிறார்கள். சூட்சுமம் ஒன்றுமில்லை. அந்தச் சந்திப்பு அங்கே இருக்கிறது, பூமி அங்கே வரும் நாள் அது. அவ்வளவுதான்.

பூமிக்கு 365 நாள், கல்லுக்கு 324 நாள் என்றால், உள்வட்டத்தில் வேகமாக ஓடுகிறவன் வெளிவட்டத்தில் ஓடுகிறவனை எப்போதாவது எட்டிப் பிடிப்பான் அல்லவா? ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இந்தக் கல் பூமியின் பக்கம் வருகிறது. 2004 டிசம்பரில் வந்தது. 2013 ஜனவரியில் வந்தது. 2021 மார்ச்சில் வந்தது. அப்போதெல்லாம் ஒரு கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. நமக்குத் தெரியவும் இல்லை. 2029இல்தான் அந்தச் சந்திப்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகின்றன.

இனி, பயம் எப்படித் தொடங்கியது என்ற கதைக்கு வருவோம். இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

2004ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் என்ற மலை மேலிருக்கும் தொலைநோக்கியில் ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிட்சியோ பெர்னார்டி என்ற மூவர் இந்தக் கல்லைக் கண்டார்கள். இரண்டு இரவுகள்தான் பார்க்க முடிந்தது. பிறகு அது கண்ணுக்கு அகப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடியும் கண்டார்கள். கணக்குப் போட்டார்கள். 2029இல் பூமியில் மோத முந்நூறில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வந்தது. டிசம்பர் 24ஆம் நாள் மறுபடி கணக்கிட்டபோது அறுபத்திரண்டில் ஒரு பங்கு. டிசம்பர் 27ஆம் நாள் முப்பத்தேழில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 2.7. சிறுகோள் ஆபத்தை அளக்கப் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் நான்காம் படிக்கு ஏறியது இந்த ஒரு கல்தான்.

தேதியைக் கவனித்தீர்களா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் கடலடியில் நிலம் பிளந்து, ஆழிப்பேரலை எழுந்து, அச்சே முதல் நாகப்பட்டினம் வரை கரையோர மக்களை வாரிக்கொண்டு போன நாள். நம் பினாங்கிலும் கெடாவிலும் கடற்கரைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வானத்துக் கல்லைப் பற்றிய செய்தி அந்தத் துயரத்தில் எங்கோ ஒரு மூலைக்குப் போய்விட்டது. முப்பத்தேழில் ஒன்று என்று கணக்கு உச்சத்துக்கு ஏறிய அதே 27ஆம் நாளிலேயே அந்த ஆபத்து விலகியும் போயிற்று.

எப்படி விலகியது? கன்று நடுவதற்குக் குச்சி ஊன்றி நிரை பிடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஊன்றிவிட்டு, அந்தக் கோட்டை நீட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? குச்சி ஒரு விரற்கடை பிசகியிருந்தாலும் தோட்டத்தின் அடுத்த கோடியில் நிரை எங்கேயோ போய் நிற்கும். முதற் குச்சியையும் இரண்டாம் குச்சியையும் நல்ல தூரத்தில் ஊன்றினால் நிரை நேராக வரும். வான நூலாருக்குக் கல்லைப் பார்த்த ஒவ்வோர் இரவும் ஒரு குச்சி. ஜூனில் இரண்டு இரவும் டிசம்பரில் சில இரவுமாக ஊன்றிய குச்சிகளை வைத்துக்கொண்டு, இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு அப்பால் கோடு இழுத்தார்கள். பிசகாமல் என்ன செய்யும்? அப்போது சிலர் பழைய படங்களைத் தேடினார்கள். அதே கிட் பீக் மலையில் இன்னொரு தொலைநோக்கி 2004 மார்ச் மாதத்தில் எடுத்து வைத்திருந்த படங்களில் இந்தக் கல் மங்கலாகப் பதிந்திருந்தது. அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பழைய குச்சி கிடைத்ததும் கோடு நேரானது. 2029இல் மோதாது என்று தெரிந்துவிட்டது.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ‘முந்நூறில் ஒன்று என்றார்கள், பிறகு அறுபத்திரண்டில் ஒன்று, பிறகு முப்பத்தேழில் ஒன்று. ஆபத்து ஏறிக்கொண்டே போயிற்றே! திடீரென்று ஒன்றுமில்லை என்கிறார்களே, மறைக்கிறார்களோ?’ என்று சந்தேகப்படுகிறார்கள். நியாயமான சந்தேகந்தான். ஒரு மாட்டுக் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

தோட்டத்தில் ஒருவருடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. லயத்தில் முந்நூறு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் கீரைப் பாத்தி. மாடு எந்தப் பாத்தியில் மேய்கிறதோ தெரியாது. உங்கள் பாத்தியில் இருக்க முந்நூறில் ஒரு வாய்ப்பு. பையன்கள் விளக்கை எடுத்துக்கொண்டு வரிசையாகத் தேடுகிறார்கள். லயத்தின் பெரும்பகுதி தேடியாயிற்று, மாடு இல்லை. மிச்சம் அறுபத்திரண்டு வீடு. உங்கள் வீடும் அதில் ஒன்று. பிறகு முப்பத்தேழு வீடு. உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் மாடு ஓர் அடியும் நகரவில்லை! இல்லாத இடங்கள் கழிந்துகொண்டே போவதால் உங்கள் பங்கு ஏறுகிறது. கடைசியில் பையன் ஒருவன், ‘மாடு ஆற்றங்கரையில் நிற்கிறது’ என்று கூவுகிறான். உங்கள் பங்கு அந்த நொடியே பூச்சியம். அப்போபிஸுக்கு நடந்ததும் இதேதான். கல் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. தேடியவர்களுக்குத்தான் தெளிவு கூடிக்கொண்டு வந்தது.

இதே கதை அண்மையிலும் நடந்தது. 2024 டிசம்பர் 27ஆம் நாள் சிலி நாட்டிலிருந்த தொலைநோக்கி ஒன்று சுமார் 60 மீட்டர் அளவுள்ள வேறொரு கல்லைக் கண்டது. 2032 டிசம்பரில் பூமியில் விழ நூற்றுக்கு 3.1 வாய்ப்பு என்று 2025 பிப்ரவரி 18ஆம் நாள் கணக்கு ஏறியது. ஒரே வாரத்தில் அது ஏறக்குறைய பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. ஏறியபோது கைப்பேசியில் பரப்பியவர்கள், இறங்கியபோது ஏன் பரப்பவில்லை என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்போபிஸின் கதை 2004உடன் முடியவில்லை. 2029இல் மோதாது, சரி. ஆனால் அத்தனை அருகில் போகும்போது பூமி அதை இழுத்து வழியைத் திருப்பிவிடும். திருப்பிய வழி, 2036இல் மறுபடி நம்மிடம் கொண்டுவந்து விடுமா? விண்வெளியில் ஒரு குறிப்பிட்ட இடம், சுமார் 600 மீட்டர் அகலந்தான், அதற்குள் நுழைந்து போனால் 2036இல் மோதும் என்று கண்டார்கள். அதற்குச் ‘சாவித்துளை’ என்று பெயரிட்டார்கள். 2013இல் கல் வந்தபோது ரேடார் அலைகளை அதன் மேல் அனுப்பி, எதிரொலி வாங்கி அளந்தார்கள். சாவித்துளைக்குள் போகாது என்று உறுதியாயிற்று.

பிறகு 2068ஆம் ஆண்டைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது. அதற்குக் காரணம் வெயில் என்றால் நம்புவீர்களா? பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் திண்ணை பொழுது சாய்ந்த பிறகும் அனல் விடும், உட்கார்ந்தால் சுடும். வானத்துக் கல்லும் அப்படித்தான். சூரியன் பக்கம் சுட்டுக்கொண்டு, தன்னைத்தானே சுழன்று, மறுபக்கம் அனலை விடுகிறது. விடுகிற அனல் கல்லை மிக மிக மெல்லத் தள்ளுகிறது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், இவான் யார்க்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் நினைத்துப் பார்த்த சங்கதி இது. அவர் பெயராலேயே வழங்குகிறது. அப்போபிஸ் இப்படி ஆண்டுக்குச் சுமார் 170 மீட்டர் நகர்ந்துபோகிறது என்று 2020இல் கண்டறிந்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிற கல்லுக்கு 170 மீட்டர் ஒரு கணக்கா என்று தோன்றும். பல ஆண்டுகள் சேர்ந்தால் கணக்குத்தான். 2021 மார்ச்சில் கல் மறுபடி வந்தபோது ரேடாரால் அளந்து அதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இன்னும் நூறு ஆண்டுகளுக்காவது அப்போபிஸ் பூமியில் மோதாது என்று அப்போது அறிவித்துவிட்டார்கள். அந்தத் தாய் தம் மகளிடம் சொல்ல வேண்டிய பதில் இதுவே. அவள் கிழவியாகிப் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும் காலத்திலும் இந்தக் கல் விழப்போவதில்லை.

அப்படியானால் 2029இல் எவ்வளவு பக்கத்தில் வருகிறது? பூமியின் தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்தில் போகிறது. பூமியை உரித்த தேங்காய் ஒன்றின் அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலவு அங்கிருந்து மூன்றரை மீட்டர் தூரத்தில், அடுத்த அறையில் இருக்கும். அப்போபிஸ் தேங்காயிலிருந்து ஓர் அடிக்கோல் தூரத்தில் போகும். ஆனால் அந்தக் கணக்கில் கல்லின் பருமன் கண்ணுக்கே தெரியாத தூசியைவிடச் சிறியது. தொலைக்காட்சி அலைகளை அனுப்பும் துணைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றைவிடத் தாழ்ந்து இந்தக் கல் போகிறது. இத்தனை பெரிய கல் இத்தனை நெருக்கத்தில் வருவது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகம். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்விடும் வேகம் அது.

போகும் வழியில் பூமி அதற்கு ஓர் இழுப்புக் கொடுக்கும். ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் முன்னைவிட அகலமாகப் போய் வருமே, அதுபோல அப்போபிஸின் பாதையும் அகன்றுவிடும். இப்போது 324 நாளில் சுற்றுகிற கல், அதன் பிறகு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பதினான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். பூமியைவிட வேகமாகச் சுற்றியது, பூமியைவிட மெதுவாகச் சுற்றுவதாகிவிடும். ஒரே இரவில் ஒரு கல்லின் வாழ்க்கை மாறிப்போவதைக் கண்முன்னே பார்க்கப் போகிறோம். அதனால்தான் விஞ்ஞானிகள் இத்தனை ஆவலாகக் காத்திருக்கிறார்கள். பென்னு என்ற வேறொரு சிறுகோளிலிருந்து மண் எடுத்து 2023இல் பூமிக்கு அனுப்பிய அமெரிக்க விண்கலத்தை, அப்போபிஸைப் போய்ப் பார்க்கும்படி திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஐரோப்பியரும் ராம்சஸ் என்ற கலத்தை 2028இல் ஏவி, கல் பூமியைக் கடக்கும்போது கூடவே போகும்படி ஏற்பாடு செய்கிறார்கள்.

கல் விழவே விழாதா என்று கேட்டால், அப்போபிஸ் விழாது. ஆனால் வேறு கற்கள் விழுந்திருக்கின்றன. நேயர்களிடம் இதை மறைக்க நாம் விரும்பவில்லை. 1908 ஜூன் 30ஆம் நாள் சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப் பக்கம் வானத்தில் ஒரு கல் வெடித்து, ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் காடு சாய்ந்தது. மரங்கள் எல்லாம் வெடித்த இடத்துக்கு எதிர்ப்புறமாகத் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. 2013 பிப்ரவரி 15ஆம் நாள் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. அதில் யாரும் சாகவில்லை. ஆனால் சுமார் 1,500 பேர் காயம் அடைந்தார்கள். எப்படி என்பது தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வந்தது. என்னவென்று பார்க்க எல்லாரும் சன்னல் பக்கம் ஓடினார்கள். ஒளி உடனே வந்துவிடும், அதிர்ச்சி அலை மெதுவாக வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து அந்த அலை வந்து சன்னல் கண்ணாடிகளை நொறுக்கியது. வானத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எப்போதாவது கண்டால், கண்ணாடியை விட்டு விலகிப் படுத்துக்கொள்ளுங்கள். தகட்டைவிட இது உதவும், காசும் வேண்டாம்.

வருகிற கல்லை விலக்கிவிட முடியுமா என்றும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 26ஆம் நாள், டைமார்போஸ் என்ற சிறிய கல்லின் மேல் ஒரு விண்கலத்தை வேண்டுமென்றே மோதவிட்டார்கள். அந்தக் கல் தன்னைவிடப் பெரிய இன்னொரு கல்லை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மோதிய பிறகு சுற்றும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. மனிதன் ஒரு வானப் பொருளின் ஓட்டத்தைத் தெரிந்தே மாற்றியது அதுவே முதல் தடவை.

பயத்தை விற்பது மட்டும் பழைய தொழில். 1910இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது, அதன் வாலில் விஷவாயு இருக்கிறது என்று கேள்விப்பட்ட அமெரிக்க மக்களுக்கு ‘வால்வெள்ளி மாத்திரை’ விற்றார்கள். வாங்கிச் சாப்பிட்டார்கள். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒரே இராசியில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று இந்தியாவில் ஊர் ஊராக யாகம் நடந்தது. நம் பெரியவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். கிரகங்கள் கூடின, பிரிந்தன. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் போனார்கள்.

முடிக்கும் முன் அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம். 2029 ஏப்ரல் 13, வெள்ளி இரவு. கல் ஆஸ்திரேலியாவின் மேலாக வந்து, இந்துமாக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் பக்கம் போகும். பூமிக்கு மிக அருகில் வரும் நேரம், நம் கடிகாரத்தில் விடியற்காலை 5 மணி 46 நிமிடம். பால் வெட்டப் போகிறவர்கள் பெரட்டுக்குக் கிளம்பும் வேளை. ஆனால் அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் கடலின் மேல் இருக்கும், நமக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இருப்பவர்களுக்குத்தான் நல்ல காட்சி. நாம் பார்க்க வேண்டுமானால் நள்ளிரவுக்குப் பின், மேற்குப் பக்கத்து வானத்தைப் பார்க்க வேண்டும். மங்கலான நட்சத்திரம் போலத் தெரியும். மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதுதான் அடையாளம். பக்கத்து வீட்டில் இருகண் நோக்கி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமாவாசை என்பதால் நிலா வெளிச்சத் தொல்லை இல்லை. இந்த வகையில் நகரத்தாரைவிடத் தோட்டத்தாருக்கு வசதி. மின்விளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுப்பதில்லை. ஏப்ரல் மாதத்து மழை மேகம் குறுக்கே வராமல் இருக்க வேண்டும். அதற்கு மட்டும் கணக்குப் போட்டுச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை.

கடிதம் எழுதிய அம்மா மகளை அன்றைக்கு எழுப்பி, வாசலில் பாய் போட்டு உட்கார வைக்கட்டும். விடிந்தால் அவளுக்கு எண்ணெய்க் குளியலும் புதுத்துணியும் இருக்கிறது. பிறக்கிற ஆண்டின் பெயரைப் பஞ்சாங்கத்தில் பார்த்தோம். சௌமிய ஆண்டாம். சௌமியம் என்றால் சாந்தம்.